தட்டிய பட்டையும் மாற்றிய பட்டையும்

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல்லுக்கும், தென்மேற்கே சங்ககிரி, திருச்செங்கோடு ஊர்களுக்கும் செல்லும் சாலைகளின் இருமருங்கிலும், கூண்டு கட்டுவோர், டயர் ஒட்டுவோர், ரேடியேட்டர் பற்றவைப்போர், தார்ப்பாய் தைப்போர் என்று லாரித் தொழிலின் பரிவாரங்கள் அனைத்தும் வரிசையாகக் கடை விரித்திருக்க, அவற்றின் நடுவே பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் சம்மட்டி ஓசையினாலேயே அடையாளம் தெரியக்கூடிய பட்டறை ஒன்று இருக்கும். அதுவே லாரியின் அடியிலுள்ள பட்டை வில்லைச் செப்பனிடும் கமான் பட்டைப் பட்டறை. பாரம் சுமந்து சுமந்து வளைவு இழந்துபோன பட்டையை ‘உட்கார்ந்துவிட்டது’ என்பது தொழிலில் உள்ளவர்களின் வழக்கு. உட்கார்ந்த பட்டையைத் தட்டி எழுப்புவதா, கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுவதா என்ற கேள்வி அங்கே தினந்தோறும் எழுவது. இதற்கு விடை சொல்லுகிறவர் கொல்லர் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் கடந்த நூறு வருஷத்துச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், துறைமுகமும், தில்லிச் செயலகமும், உருக்கு ஆலையும், நீதிமன்றமும் ஒன்றன்பின் ஒன்றாக இக்கேள்விக்கு விடை சொல்லி வந்திருப்பதும், அந்தந்த விடைக்குத் தக்கபடி கொல்லர் சம்மட்டியை எடுத்தும் வைத்தும் வந்திருப்பதும் விளங்கும்.

நம் நாட்டுக் கட்டைவண்டிக்கு வில் என்ற உறுப்பே கிடையாது. இருசின் மேல் நேரே சட்டம் அமர்ந்திருப்பதால், பாதையிலுள்ள கல்லும் பள்ளமும் ஏறியிருப்பவரின் முதுகெலும்புக்கே போய்ச் சேரும். இந்த அவஸ்தையிலிருந்து தப்பிக்க வசதி படைத்தவர்கள் வைத்துக்கொண்டது வில்வண்டி. மிராசுதாரர், ஜமீன்தார், வக்கீல் முதலியோரின் அந்தஸ்துக்கு அடையாளமாயிருந்த அவ்வண்டியின் அடியில், வளைத்த உருக்குப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சீமையில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து கோச்சு வண்டிகளின் அமைப்பே மாறியது. சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்ஸன் கம்பெனி, சேணமும் கோச்சு வண்டியும் செய்து பிரபலமாகி, பின்னர் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவரின் கைவண்ணத்தில் நீராவிக் கார் ஒன்றையும் கட்டி ஓட்டிக் காட்டியது. குதிரை போய் நீராவியும், நீராவி போய்ப் பெட்ரோலும், பெட்ரோல் போய் டீசலும் வந்த இந்தப் பரம்பரை மாற்றங்களுக்கிடையே, கோச்சு வண்டியின் உறுப்புக்களில் அதிகம் மாறாமல் கனரக லாரியின் அடிவயிறு வரை வந்து சேர்ந்தது பட்டை வில் ஒன்றுதான் என்று சொல்லலாம்.

இதை ஏன் ஒரே தடித்த உருக்காக வைக்காமல் பத்துப் பன்னிரண்டு பட்டைகளாக அடுக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. பட்டையின் கனத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு ஏறும். அதே அளவு வளைந்துகொடுக்கும்போது மேற்பரப்பில் விழும் இழுவிசையும் கனத்துக்குத் தக்கபடி கூடும். ஆகவே தடித்த ஒற்றைப் பட்டை வளைய மறுக்கும், வற்புறுத்தி வளைத்தால் ஒடியும். மெல்லிய பட்டைகளின் அடுக்கோ பாரத்தையும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதனால் குலுக்கலும் அடங்கும். இவ்வளவுக்கும் மேலாக, பழுதுபார்ப்பவனுடைய பார்வையில் ஒரு விசேஷம் உண்டு: அடுக்கில் ஒன்று ஒடிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். தட்டுவதா, மாற்றுவதா என்ற விவகாரம் முழுவதும் இந்த அடுக்கு என்னும் அமைப்பிலிருந்தே பிறந்தது.

மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் ஓட்டத் தொடங்கினார், கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு வண்டியை விட்டார். ஃபோர்டு கம்பெனி 1926-லும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவில் கடை திறந்து, கடல் கடந்து பெட்டிகளில் வந்த உறுப்புக்களைப் பூட்டி வண்டியாக விற்றன. பழங்காலம் என்றாலே பழுதுபார்த்து உபயோகித்த காலம் என்றும், மாற்றி எறிவது இன்றைய ஊதாரித்தனம் என்றும் நாம் பொதுவாக எண்ணிக்கொள்வது எத்தனை பிசகு என்பது இங்கே தெரியவரும். ஏனெனில் வண்டி வந்த கப்பலிலேயே அதன் உதிரி உறுப்புக்களும் வந்துகொண்டிருந்த அந்த நாட்களில், பட்டை ஒடிந்தால் ஏஜெண்டிடம் சொல்லிப் புதியது வாங்கிப் போடுவதே சொந்தக்காரருக்குச் சுலபமான வழியாயிருந்தது. கிராமத்துக் கொல்லருக்குக் கலப்பைக் கொழுவும் வண்டிப் பட்டாவும் தெரியும். சீமை உருக்கின் குணம் அவருக்கு அப்போது பழக்கமில்லாதது.

இரண்டாம் உலக யுத்தம் இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டது. கப்பலில் இடம் கிடைக்காமற் போயிற்று, பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது, மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் தயாரித்தது முதலான கரிவாயுக் கலங்களைப் பஸ்களும் லாரிகளும் முதுகில் சுமந்துகொண்டு ஓடலாயின. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்தாவது வண்டியை நகர்த்தலாம். ஒடிந்த பட்டைக்குப் பதில் எதை வைப்பது? சம்மட்டி மோட்டார்த் தொழிலுக்குள் பிரவேசித்தது இந்த நிர்ப்பந்தத்தினால்தான். யுத்தம் முடிந்ததும், நேச நாட்டுப் படைகளின் லாரிகள் டிஸ்போஸல் என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. கொஞ்சம் பணமும் நிறைய தைரியமும் உள்ளவர்கள் அவற்றை எடுத்துக் கூண்டு மாற்றிச் சரக்கு ஏற்றத் தொடங்கினார்கள். வண்டி மலிவாகக் கிடைத்தது. அதற்குரிய உதிரி உறுப்பு கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்காரின் கொள்கை இந்தத் தட்டுப்பாட்டை நிரந்தரமாக்கியது. வெறுமே உறுப்புக்களைத் தருவித்துப் பூட்டுகிறவர்களுக்கு இனி இங்கே இடமில்லை, இந்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டமுள்ளவர்களே தொடரலாம் என்று 1953-ல் தீர்வைக் கமிஷன் சிபாரிசு செய்ய, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. 1954-ல் டெல்கோ கம்பெனி ஜெர்மானிய டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. சென்னை எண்ணூரில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. கொள்கை சரியா தவறா என்பது வேறு விசாரணை. என் அபிப்பிராயத்தில் அது இல்லாவிட்டால் இந்நாட்டில் லாரித் தொழிற்சாலையே எழும்பியிருக்காது. ஆனால் அதன் உடனடி விளைவு, சாலையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஃபோர்டு, செவர்லே லாரிகளெல்லாம் பெற்றோரை இழந்த பிள்ளைகளாக நின்றதுதான். புதிதாக வந்த பென்ஸுக்கும் லேலண்டுக்கும்கூட, லாரி வாங்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலத்தில், உதிரி உறுப்பு மட்டும் தாராளமாகக் கிடைத்துவிடுமா? இறக்குமதி லைசென்ஸ் என்ற ஒற்றைக் காகிதம், தமிழ்நாட்டுக் கொல்லரை மோட்டார் மெக்கானிக்குக்குச் சமமான ஸ்தானத்தில் கொண்டுவந்து வைத்தது.

அந்தப் பட்டறையில் நடக்கும் வேலையைச் சற்று அருகில் நின்று பார்ப்பது தகும். வண்டியின் சட்டத்தை ஜாக்கியால் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்துவார்கள். அச்சையும் பட்டைக் கட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகள் சேறும் துருவும் ஏறி இறுகியிருப்பதால், டீசலை ஊற்றி ஊறவைத்து, அதற்கும் மசியாதவற்றைச் சூடு காட்டிக் கழற்றுவார்கள். கட்டு கீழே இறங்கியதும், அதைப் பிடிப்பிலே மாட்டி, நடுவிலுள்ள சென்டர் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதைத் திடுமென்று கழற்றிவிட்டால் உள்ளே அமுங்கியிருக்கும் பட்டைகள் எகிறிக் கையைப் பதம் பார்த்துவிடும். பிரிந்த பட்டைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார் மேஸ்திரி. நல்ல பட்டை கணீரென்று நீண்டு ஒலிக்கும். கீறல் விழுந்த பட்டை மங்கலாக ஒலித்து உடனே அடங்கிவிடும். கீறல் பெரும்பாலும் நடுத்துளையின் அருகிலேதான் இருக்கும். அதற்குக் காரணம் பட்டையல்ல, யூ போல்ட் தளர்ந்திருந்ததுதான். போல்ட் இறுகியிருக்கும்வரை நடுப்பாகம் வளைவதற்கே இடமில்லை. தளர்ந்த மாத்திரத்தில், துளை போட்டு ஏற்கனவே பலவீனமான அந்த இடமே முழு வளைவையும் ஏற்க வேண்டியதாகிறது.

தேறிய பட்டைகளைத் தட்டும் வேலை அதற்குப் பிறகு. இருக்க வேண்டிய வளைவைச் சாக்கட்டியால் தரையில் வரைந்துகொண்டு, மேஸ்திரி பட்டையைக் குறட்டால் பிடித்துக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்திக் கொடுக்க, எதிரே நிற்பவர் நடுவிலிருந்து நுனி நோக்கிக் குழிந்த பக்கத்தில் சம்மட்டியால் வரிசையாக அடித்துக்கொண்டு போவார். ஒரு அடி தப்பினால் பட்டை முறுக்கிக்கொள்ளும். எல்லாப் பட்டைக்கும் ஒரே வளைவு கொடுத்தால் வேலை கெட்டுப்போகும் என்பது வெளியாருக்குத் தெரியாத சூட்சுமம். நீளப் பட்டையைவிட அதற்கு அடுத்த குட்டைப் பட்டை சற்றே அதிகமாக வளைந்திருக்க வேண்டும். அடுக்கி வைக்கும்போது நடுவில் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். சென்டர் போல்ட்டை முடுக்கும்போது அந்த இடைவெளிகளெல்லாம் மூடிக்கொண்டு, குட்டைப் பட்டைகள் நீளப் பட்டையை முன்கூட்டியே தாங்கத் தொடங்கும். இடது பக்கக் கட்டும் வலது பக்கக் கட்டும் ஒரே உயரத்துக்கு வரவேண்டும், இல்லையேல் லாரி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். பட்டைகளின் நடுவே கிராஃபைட் கலந்த கிரீஸைப் பூசிக் கட்டி ஏற்றிய பிறகும் வேலை முடிந்துவிடாது; லோடு ஏற்றி ஒரு நடை போய்வந்தபின் யூ போல்ட்டை மறுபடி முடுக்கியாக வேண்டும். இதைச் சொல்லாத மேஸ்திரி இல்லை, கேட்ட டிரைவரும் அதிகமில்லை.

எல்லாவற்றையும் தட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நல்ல பட்டறைக்காரர் எவரும் சொன்னதில்லை. கண் மடித்துப் பின் ஏறும் மெயின் பட்டை ஒன்று மட்டும் வேறு ஜாதி. மற்ற எந்தப் பட்டை ஒடிந்தாலும் லாரி நொண்டிக்கொண்டாவது ஊர் வந்து சேரும். மெயின் பட்டை கண்ணருகே ஒடிந்தால் அச்சே பின்னுக்கு நகர்ந்து, வண்டி இழுத்த பக்கம் போகும். ஆகவே சொந்தக்காரர் கைக்காசைப் பார்த்துத் தயங்கும்போது, “மெயின் பட்டையத் தட்டிக் குடுத்தா எனக்குக் காசு வந்துருமுங்கண்ணா, வண்டி உங்களுக்கு நடுவழியில நின்னுருமுங்க, புதுசே போட்டுருங்க” என்று சொல்லித் தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்ளும் மேஸ்திரிகள் உண்டு. கோயில் விக்கிரகத்தில் உபாங்கம் பின்னமானால் சீர்செய்து பூஜிக்கலாம், பிரதான அங்கமே பின்னமானால் விட்டுவிட்டு வேறு செய்ய வேண்டும் என்று சிற்ப மரபு வகுத்த எல்லையைப் போன்றதொரு எல்லையை, எந்த நூலும் பாராமல் இவர்கள் வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதே பட்டை வில் ரெயில் வண்டிக்கும் உண்டு என்பதையும், அங்கே பழுதுபார்த்தல் என்ற சொல்லின் அர்த்தமே வேறாக இருந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தென்னிந்திய ரெயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து மாற்றித் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் 1928-ல் அமைத்தது. அத்தகைய ரெயில்வேப் பட்டறைகளில், வாகனுக்கு அடியிலிருந்து இறங்கிய வில்லைப் பிரித்து, கீறலுள்ள பட்டைகளைத் தள்ளி, மீந்தவற்றை உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து வளைத்து, எண்ணெயில் தோய்த்து இறுக்கி, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்தி, யந்திரத்தில் மாட்டிப் பாரம் கொடுத்து அமுக்கிப் பரீட்சித்த பின்பே வெளியில் விடுவார்கள். கீறல் கண்டுபிடிப்பதற்கும் காதை மட்டும் நம்புவதில்லை. இரும்பின்மேல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணத்தைப் பூசினால், கீறலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து சுண்ணத்தில் கோடு காட்டிவிடும். இது பழுதுபார்த்தல் அல்ல, புனருற்பத்தி. சாலையோரப் பட்டறைக்கு அந்த உலையும் எண்ணெய்த் தொட்டியும் கட்டுபடியாகுமா? அங்கே பச்சை இரும்பாகவே, அதாவது சூடேற்றாமலே, அடித்து வளைத்தார்கள்.

இந்த இரண்டு முறைக்கும் உள்ள பேதம் உருக்கின் உள்ளே இருக்கிறது. பட்டைக்கு உபயோகப்படும் உருக்கில் நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு கரியும், 1.5 முதல் 2 பங்கு சிலிக்கனும் சேர்ந்திருக்கும். அதை 900 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகும். பிறகு 450, 500 டிகிரியளவில் பதப்படுத்தினால் கடினம் சற்றுக் குறைந்து, வளைந்து மீளும் குணம் வரும். அரைகுறையாக உலையில் காட்டி ஆறவிட்ட பட்டையில் இந்தப் பதம் போய்விடுகிறது. அது வெறும் இரும்பாகிவிடுகிறது. சூடேற்றாமல் தட்டிய பட்டையில் பதம் போகாது; ஆனால் அங்கே வேறொரு குறை பிறக்கிறது. தொழிற்சாலையில் புதுப் பட்டையைப் பாரம் இறங்கும் திசையிலேயே ஒரு முறை அளவுக்கு மீறி அமுக்கி எடுப்பார்கள். அதனால் பிற்பாடு இழுவிசை விழப்போகும் மேற்பரப்பு முன்கூட்டியே ஓர் அமுக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. சிறு உருக்குக் குண்டுகளை வேகமாக மோதவிட்டு அந்த அமுக்கத்தை மேலும் உரப்படுத்துவதும் உண்டு. சம்மட்டியால் எதிர்த்திசையில் வளைக்கும்போது சேமித்த அமுக்கம் செலவாகி, அதற்கு நேர்விரோதமான இழுவிசை அவ்விடத்தில் குடிபுகுகிறது. தட்டித் தூக்கிய பட்டை புதுப் பட்டையைக் காட்டிலும் சீக்கிரமாக மறுபடி உட்காருவதன் காரணம் இதுவே. மேஸ்திரியின் கைத்திறனில் குறையில்லை. அடித்த தழும்புகள் வேறு இழுவிசை விழும் பக்கத்திலேயே குறுக்காக அமைவதால், நாளடைவில் கீறல் தொடங்க அவை வசதியான இடமாகின்றன. தொழிலாளிகள் இந்தச் சாஸ்திரத்தைப் படித்தவர்களல்லர். ஆயினும் ஒரே பட்டையை மூன்றாம் தடவை தட்டக் கூடாது என்று சொல்லும் பட்டறைகள் இருந்திருக்கின்றன.

பட்டையின் கண்ணில் மாட்டும் பின், அதைச் சுற்றியுள்ள புஷ், இவற்றின் கதை சுருக்கமானது. வெண்கலப் புஷ் தேய்ந்தால் லேத்தில் புதியது கடைந்து ஏற்றிவிடலாம்; தேய்வதற்கென்றே வைத்த உறுப்பாதலால் அதை மாற்றுவதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. பின்னைத்தான் சிலர் வெல்டிங் வைத்துக் கனம் ஏற்றி மறுபடி கடைந்து போட்டார்கள். அந்தச் சூட்டினால் உள்ளே முறிகிற குணம் ஏறி, ஓடும்போதே இரண்டாகிப் போன பின்கள் எத்தனையோ. வாரம் தவறாமல் கிரீஸ் அடித்த லாரியில் இந்த விவகாரமே எழுவதில்லை. ஆனால் கிரீஸ் அடிப்பது கிளீனர்ப் பையனின் வேலை. கூலியும் மரியாதையும் யாருக்குக் குறைவோ அவரிடம் வண்டியின் ஆயுளை ஒப்படைத்திருக்கும் சம்பிரதாயத்தை என்னவென்று சொல்வது?

இனி அதிகபாரத்தின் கதைக்கு வருவோம். பட்டறைகள் பெருகியதற்கு இறக்குமதிக் கட்டுப்பாட்டைவிட இதுவே பெரிய காரணம். லாரிச் சொந்தக்காரருக்கு வாடகை டன் கணக்கில் வருகிறது. டீசலும் டிரைவர் பேட்டாவும் நடைக் கணக்கில் போகின்றன. ஆகவே ஒரு நடையில் ஏற்றும் ஒவ்வொரு அதிக மூட்டையும் கிட்டத்தட்ட முழு லாபம். தொழிற்சாலை கொடுத்த கட்டு போதாதென்று, புது லாரி வந்தவுடனேயே பட்டறைக்கு ஓட்டிச் சென்று, கட்டுக்கு ஒன்றிரண்டு பட்டைகள் கூடுதலாகச் செருகிக்கொண்டு போகும் வழக்கம் இப்படித்தான் ஏற்பட்டது. பட்டை தாங்கிற்று, தாங்காத குலுக்கலைச் சட்டமும் அச்சும் டயரும், கடைசியில் சாலையும் வாங்கிக்கொண்டன. சில மாநிலங்களில் மாதக் கட்டணம் வசூலித்து அதிகபாரத்துக்கு அட்டை கொடுத்த விநோதமும் நடந்தது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சலுகைகளைக் கண்டித்து, அதிகச் சரக்கை இறக்காமல் வண்டியை விடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் அதிகபாரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. 2018-ல் மத்திய சர்க்கார் அனுமதி அளவையே உயர்த்தி, இரண்டச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்றச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆக்கியது. பல வருஷமாகப் பட்டறைக்காரர் செருகி வந்த கூடுதல் பட்டைக்கு அரசாங்கமே அங்கீகாரம் அளித்தாற்போல் ஆயிற்று என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கும்.

ஒடிந்த பட்டை எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஏனெனில் மாற்றுவதன் செலவைக் குறைத்துக் கொடுத்தது அந்தப் பழைய இரும்பின் கிரயம். சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சி அரிவாளுக்கு லாரிப் பட்டையே கச்சாப் பொருள் என்பது ஊரறிந்தது. கரும்பு வெட்டும் கத்தி, கோடரி, கடப்பாரை நுனி, தேங்காய் உரிக்கும் பாரை எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும் என்று கொல்லர்கள் கேட்டு வாங்குவார்கள். வெளிநாட்டு உலோக சாஸ்திரிகள் அளந்து கலந்த உருக்கு, பல லட்சம் மைல் பாரம் சுமந்து ஒடிந்து, கிராமத்து உலையில் காய்ந்து, பதநீர் இறக்குபவரின் இடுப்பில் செருகிய அரிவாளாக முடிகிறது. எதிர்க்கேள்வி ஒன்று இங்கே பிறக்கிறது: நல்ல விலைக்குப் போகும் பழைய பட்டையைத் தட்டித் தட்டி உயிரை வாங்குவானேன்? கணக்குப் பார்க்கத் தெரிந்த சொந்தக்காரர்கள் இதை அந்நாளிலேயே யோசித்ததுண்டு. புதுப் பட்டை கடையில் கிடைக்காததே அவர்களைத் தடுத்தது.

அந்தத் தடை மெல்ல நீங்கியது. யமுனாநகர் முதலிய ஊர்களிலிருந்து இந்நாட்டுப் பட்டைகள் தாராளமாக வரத் தொடங்கியதும், ஒவ்வொரு லாரி ரகத்துக்கும் எண் வாரியாகப் பட்டைகளை அடுக்கி விற்கும் கடைகள் பட்டறையின் பக்கத்திலேயே முளைத்தன. பல இடங்களில் பட்டறைக்காரரே கடைக்காரருமானார். நாற்கரச் சாலைகள் வந்தபின் பள்ளங்கள் குறைந்தன. இவற்றைவிடப் பெரிய மாறுதல், தவணையில் வாங்கிய லாரி. மாதம் பிறந்தால் கடன் தவணை கட்டியாக வேண்டிய வண்டி, பட்டை தட்டுவதற்காக ஒரு பகல் பட்டறையில் நின்றால், அந்தப் பகலின் நஷ்டம் புதுப் பட்டையின் விலையை எட்டிவிடுகிறது. முன்பு இரும்புக்கு விலை அதிகம், நாளுக்கு விலை குறைவு. இப்போது அது தலைகீழாகிவிட்டது.

கடைசி அடியைக் கொடுத்தது புது அமைப்புள்ள பட்டையேதான். நடுவில் தடித்து நுனி நோக்கி மெலிந்து வருமாறு உருட்டிச் செய்த பரவளையப் பட்டையில், பத்துக்குப் பதில் இரண்டோ மூன்றோ பட்டைகள்தாம் இருக்கும். நடுவிலும் நுனியிலும் மட்டுமே ஒன்றையொன்று தொடும். எடையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். மெலிவு அளவாக அமைந்திருப்பதால் பட்டை முழுவதும் ஒரே சீராகப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அதனாலேயே எங்கே ஒரு சம்மட்டித் தழும்பு விழுந்தாலும் அங்கே முறியத் தயாராகவும் இருக்கிறது. அடுக்கில் ஒன்று போனால் மற்றவை தாங்கும் என்ற பழைய ஆறுதல் இதில் இல்லை. இதைத் தட்டிக் கொடுக்க ஒத்துக்கொள்ளும் மேஸ்திரி தன் தொழிலை அறியாதவர். வெண்கலப் புஷ்ஷின் இடத்தில் ரப்பர்ப் புஷ் வந்ததும் கிரீஸுக்கே வேலை இல்லாமற் போயிற்று. தேய்ந்தால் அழுத்தி வெளியே தள்ளிவிட்டுப் புதியதை அழுத்திச் செருகுவதைத் தவிர அதில் பழுதுபார்க்க ஒன்றுமில்லை.

ஆனாலும் பழைய அடுக்கு வில் ஒழிந்துவிடவில்லை. கருங்கல் குவாரியில் ஓடும் டிப்பர் லாரிக்காரர்கள், எடை கூடினாலும் பரவாயில்லை என்று தடித்த அடுக்குக் கட்டையே விரும்புகிறார்கள். குவாரியின் நடுவில் ஒடிந்தால் அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு மாலைக்குள் மறுபடி லோடுக்குப் போகலாம் அல்லவா? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் நிலை இன்னும் விசேஷமானது. சரக்கு லாரி திரும்பும்போதாவது காலியாக வரும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் யந்திரத்தைச் சட்டத்தோடு பொருத்திய ரிக் வண்டிக்கோ இறக்கி வைக்கும் பாரம் என்பதே கிடையாது. வேலை செய்தாலும் நின்றாலும் பட்டையின்மேல் முழுப் பாரமும் இராப்பகலாக அமர்ந்தபடியே இருப்பதால், ஒடிவதைவிட உட்காருவதே அங்கே அதிகம். வட நாட்டு மாநிலங்களில் மாதக் கணக்காகச் சுற்றிவிட்டு வரும் அவ்வண்டிகள், ஊர் திரும்பியதும் கட்டைப் பிரிக்காமல் அடுத்த பயணம் கிளம்புவதில்லை. அவர்களுக்காகச் சில பட்டறைகள் நீள உருக்குச் சட்டங்களை வாங்கி வைத்து, அளவுக்கு வெட்டி, துளையிட்டு, உலையில் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்துத் தாமே பட்டை செய்து கொடுக்கின்றன. சாலையோரத்தில் கட்டுபடியாகாது என்று இருந்த உலையும் எண்ணெய்த் தொட்டியும், தட்டும் வேலை குறைந்துபோன இந்தக் காலத்தில் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. சம்மட்டி பிடித்தவரின் மகன் இப்போது உலையின் உஷ்ணமானியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.